உனக்க அம்மையும் எனக்க மீன் சைக்கிளும்

ஏட்டி மக்கா ஜின்சி, நல்லா இருக்கியா? நேரத்துக்குத் தின்னு நேரத்துக்கு ஒறங்குகியா? அந்த நாட்டுத் தண்ணியும் காத்தும் உனக்கு ஒத்துக்கிடுதா? இங்க மாதா புண்ணியத்துல எல்லாரும் சுகம். ஆனிச் சாரல் விட்டு விட்டுப் பெய்யுது, மணக்குடியில வள்ளம் போகுது வருது, சாளை மீனு நல்லாக் கெடைக்கு, உனக்க அண்ணன் பிபின் மஸ்கட்டுல இருந்து கிழம தவறாமக் கூப்பிடுகான். சுகமில்லாம இருக்கது ஒண்ணே ஒண்ணு, உனக்க அம்மைக்க வலது கால் முட்டு. தோலு உரிஞ்சு பப்பாளிப்பழத்தக் கீறி வச்ச மாதிரி இருக்கு. அதுக்குக் காரணம் ஆருன்னு கேட்டா, நீதான். அதச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி.

போனுல சொன்னா ஆகாதான்னு கேப்ப. போனுல நான் வாயத் தொறந்தா நீ, அப்பா சத்தம் கேக்கல, பெறவு கூப்பிடுகேன்னு வச்சிருவ. சத்தம் நல்லாக் கேட்டாத்தான் நீ வைக்கது, அது எனக்குத் தெரியாதா? கடிதாசிய அப்பிடி வைக்க முடியாது, வாசிச்சுத்தான் தீரணும். எனக்கு எழுதத் தெரிஞ்சது எனக்க பேரு மட்டுந்தான், அதனால நான் சொல்லச் சொல்ல பிபினுக்க பொண்டாட்டி, உனக்க மைனி பெபிஷா எழுதுகா. இப்பமே சிரிக்கா. சிரிக்காத எழுதுட்டி, நான் கோவத்துல பிராந்து புடிச்சு இருக்கேன்னு சொல்லியிருக்கேன். என்னய எப்பமும் பாதிப் பேச்சுல ஆராவது கூப்பிட்டுருவாவ, அதனால கடைசித் தாளுக்க அடியில எனக்க பேர மொதல்லயே எழுதி வச்சாச்சு. ஆசீர்வாதமும் இப்பமே சொல்லிப்போடுகேன். ஆண்டவர் உன்னக் கண்ணு போலக் காக்கட்டும், மாதா உனக்க கூடவே நடக்கட்டும். சரி, இனி திட்டலாம்.

உயிர்த்த ஞாயிறு கழிஞ்சு நீ ஒரு வீடியோ அனுப்புன, ஓர்ம இருக்கா? பிரான்சுல நீ வேல பாக்க போர்தோ ஊருல இருந்து, கூட்டுக்காரிகளோட, லீவு போட்டு சைக்கிள்ல ஊர் சுத்தப் போனியே, அது. ரெண்டு பக்கமும் திராட்சத் தோட்டம், தலமுடிய வகுந்து சீவுன மாதிரி வரிசை வரிசையா, ஒவ்வொரு வரிசைக்க முனையிலயும் ஒரு ரோசாச்செடி. நடுவுல ஒரு ரோடு. அந்த ரோட்டுல காரு இல்ல, பஸ்ஸு இல்ல, ஒரு மோட்டார்சைக்கிளு கூட இல்ல. பண்டு ரயிலு போன வழியாம், தண்டவாளத்த எடுத்துப்போட்டு சைக்கிளுக்குன்னே தாரு போட்டுக் குடுத்திருக்கானாம். பழைய ரயில் ஸ்டேசன்ல இப்பம் சாயாக்கடையாம். நாளு முழுக்க மிதிச்சா பொழுதடைய ஒரு தோட்டத்து வீடு வருமாம், அங்க படுக்கையாம், சாப்பாடாம், ஒயினாம். நல்லா இரி மக்கா, உனக்க உழைப்பு, நீ சுத்து. ஆனா அந்த வீடியோவுல உனக்க முன்னால ஒருத்தி போனாளே, வெள்ளத்தலை, அறுவது வயசு இருக்கும், உனக்க ஆபீசுக்காரின்னு சொன்னியே. அவதான் எனக்க குடியக் கெடுத்தது.

உனக்க அம்ம அந்த வீடியோவ எத்தன தடவ பாத்தாங்கியது அந்த அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம். அடுக்களையில பாக்கா, மொளவு அரைக்கும்போ பாக்கா, செவமாலை சொல்லி முடிச்ச உடனே பாக்கா. வயசுக்கு மூத்தவ மிதிக்கா, எனக்கென்ன கேடுன்னு ஒரு நாளு கேட்டா. நான் அத வெளையாட்டுன்னு நெனச்சேன். அந்த ரோசாச்செடி எதுக்குன்னு உன்ட்ட கேட்டா, செடிக்கு நோவு வந்தா மொதல்ல ரோசாவுலதான் தெரியும், பெறவுதான் திராட்சைக்கு வரும்னு நீ சொல்லிக் குடுத்த. அந்தப் புத்தி நம்ம வீட்டுக்கும் வேணும் மக்கா. இந்த நோவு வாறதும் மொதல்ல தெரிஞ்சது, உனக்க அம்மைக்க முகத்துல இல்ல, எனக்க சைக்கிள்ல.

விடியக்காலத்த நான் மீனெடுக்கக் கடப்புறத்துக்குக் கெளம்பி சைக்கிள்ல ஏறி இருந்தா முட்டு ஹேண்டில்ல இடிக்கு. சீட்டு எறங்கிக் கெடக்கு. ஏத்தி வச்சேன். மறுநாளும் எறங்கிக் கெடக்கு. ஒரு கிழமயா இப்பிடி. இந்த வயசுல நான் வளருகேனோன்னு ஒரு நிமிசம் நெனச்சுப்போட்டேன், பெபிஷா, இதையும் எழுது, எழுதுனா என்ன. பெறவுதான் ஊருக்குள்ள சமாச்சாரம் வந்துது. நம்ம தெருவுல சாளைக்கு நிக்க பெண்டுகள் எல்லாம் என்னயப் பாத்து மொறைக்காவ. ஏன்னு கேட்டா, மரியஜான் அண்ணே, நேத்து மத்தியானம் உங்க ஹார்ன் சத்தம் கேட்டு சட்டியத் தூக்கிட்டு ஓடி வந்தோம், உங்க வீட்டம்ம வெறும் பெட்டியோட சானல் வாய்க்காக் கரையில பறந்து போறாவ, நிக்கச் சொன்னா நிக்கத் தெரியாதுங்காவன்னு சொல்லுகா எதுத்த வீட்டு ஷைஜா. பின்னால ஊருல உள்ள பூனை மொத்தமும் ஓடிச்சாம். மீன்காரனுக்க ஹார்னு கேட்டா பூனை வரத்தான் செய்யும். அதுக்கு ஹார்ன் மட்டுந்தானே தெரியும், ஆரு அமுக்குகான்னா தெரியும்?

நான் மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ண அசந்த நேரம் பாத்து, உனக்க பழைய காலேஜு சுரிதாரப் போட்டுக்கிட்டு, எனக்க மீன் சைக்கிள உருட்டிட்டுப் போயி, ரோட்டக் கடந்து சானல் கரையில ஓட்டிப் படிச்சிருக்கா உனக்க அம்ம. அது பொம்பள சைக்கிளும் இல்ல. நடுவுல கம்பி, பின்னால பெட்டி, சும்மா நிறுத்தவே ஒரு ஆளு பலம் வேணும். இப்பிடி முரட்டு சைக்கிள்ல ஆரு படிப்பா? இவ படிச்சா. போன்ல உன்ட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்கா, நீயும் சொல்லிக் குடுத்திருக்க, பெபிஷாவுக்கும் தெரிஞ்சிருக்கு, பூனைக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாதவன் நான் ஒருத்தன்.

சைக்கிள் ஓட்டுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல, கேட்டியா. சானல் கரையில ஓட்டட்டு. தண்ணி ஓடுது, அக்கரையில வயலு, ஆளு அரவம் கெடையாது, நீ அங்க ஓட்டுகியே, அதுக்கு இது ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஆனா நம்ம வீட்டுக்கும் சானல் கரைக்கும் நடுவுல என்ன கெடக்கு? ரோடு. அந்த ரோட்டுல என்ன போகுது? மலைய ஒடச்சு ஏத்துன டிப்பர் லாரி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, எறும்பு போற மாதிரி. எறும்பாவது எதுக்க ஆளு வந்தா விலகும். உனக்க வீடியோவுல சைக்கிள் சங்கிலிச் சத்தம் கேக்கு, குருவிச் சத்தம் கேக்கு. இங்க எனக்க ஹார்ன நான் அமுக்குனா எனக்கே கேக்க மாட்டேங்குது. அங்க ரயிலு போன வழிய எடுத்து சைக்கிள்காரனுக்குக் குடுத்திருக்கான். இங்க நம்ம அப்பன்மாரு சைக்கிள்ல போன வழிய எடுத்து லாரிக்குக் குடுத்தாச்சு. வேகத்தடை ஒண்ணு போடுங்கன்னு கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். பெரிய ரோட்டுல அதெல்லாம் போட முடியாது, வண்டிக்கெல்லாம் தாமசம் வரும்னான். தாமசம்! எனக்கு வந்த கோவத்துல அவனுக்க மேசையில பெட்டியோட சாளையக் கவுத்தியிருப்பேன், விலை கூடுன நாளு, அதனால விட்டேன்.

ஞானதாசன உனக்கு ஓர்ம இருக்கும். எனக்க கூட மீனெடுக்க சைக்கிள்ல கடப்புறத்துக்கு வருவானே, உனக்கு நண்டு கொண்டாந்து குடுப்பானே, அவன். போன வருசம் அதே எடத்துல, சானல் பாலத்துக்குத் திரும்புக எடத்துலதான், லாரி தட்டுனது. தட்டுனவன் நிக்கக்கூட இல்ல. நான் போயி பாக்கும்போ ரோடு முழுக்க அயிலை மீனு செதறிக் கெடக்கு, அவன ஓரத்துல துணி போட்டு மூடியிருக்கு. ஹார்ன் மட்டும் ஓடையில கெடந்துது. அவனுக்க வீட்டுக்காரி, நீங்களே வச்சுக்கிடுங்கன்னு என்ட்ட தந்துட்டா. எனக்க ஹார்னு கீறிப்போயி கெடந்துது, நான் அத எனக்க சைக்கிள்ல மாட்டுனேன். அந்த ஹார்ன அமுக்கிக்கிட்டுத்தான் உனக்க அம்ம அந்த ரோட்டக் கடந்திருக்கா, மத்தியானம், நான் ஒறங்கும்போ. இப்பம் தெரியுதா எனக்கு எதுக்குப் பிராந்துன்னு? நீ அங்க காரு இல்லாத ரோட்டுல இருந்துக்கிட்டு, ஓட்டும்மா ஓட்டும்மான்னு சொன்னா போதுமா? அங்க போயி ஓட்டணும்னா இங்க உயிரோட இருக்கணுமேட்டி.

விசயம் தெரிஞ்ச அன்னைக்கு வீட்டுல சண்டை. நான் சைக்கிளுக்குப் பூட்டு வாங்குனேன். அவ சோறு ஆக்க மாட்டேன்னுட்டா. பெறவு ஒரு ஒப்பந்தம் ஆச்சு, அந்தியில நான் பாத்துக்கிட்டு நிக்கும்போதான் எடுக்கணும், ரோட்டுல ஏறி மிதிக்கக்கூடாது, உருட்டிட்டுத்தான் கடக்கணும்னு. மொத நாளு நிக்கோம், நிக்கோம், லாரி நின்னாத்தானே கடக்க. பொறுத்துப் பாத்துட்டு உனக்க அம்ம ஹார்ன எடுத்து அமுக்குனா பாரு, பாம் பாம்னு. லாரிக்காரனுக்கு எங்க கேக்கும், ஆனா வீட்டுக்குள்ள உள்ள பெண்டுகளுக்குக் கேட்டுது. அந்தி மீன் வந்திருக்குன்னு நெனச்சு ஷைஜா மொதலா அத்தன பேரும் ஆளுக்கொரு சட்டிய எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு எறங்கிட்டாவ. எங்க மீனு, எங்க மீனுன்னு பாதி ரோட்டுல வந்து நிக்காவ. முன்னால வந்த டிப்பர்காரன் பாத்தான். ஒரு கூட்டம் பொம்பளைகள், எல்லாருக்க கையிலயும் காலிப் பாத்திரம், நடுரோட்டுல. போட்டான் பிரேக்க. அவனுக்குப் பின்னால வந்தவனும் போட்டான். கீழ எறங்கி வந்து, ஏக்கா, மறியலா, குடிக்க வெள்ளம் வரலியான்னு பாவம் போலக் கேக்கான்.

ஷைஜா இருக்காளே, அவளுக்கு வாயி சும்மா இருக்குமா? சட்டியத் தூக்கிக் காட்டி, ஆமா மறியலுதான், வண்டியத் திருப்பிட்டுப் போறியா, நிக்கியான்னு கேட்டா. அவன் நின்னான். அந்த எடைவெளியில உனக்க அம்ம சைக்கிள உருட்டிக்கிட்டு, குருசுப் பவனிக்கு நடுவுல போற மாதிரி, அங்கயும் இங்கயும் பாக்காம ரோட்டக் கடந்து போனா. ஞானதாசனுக்கு நிக்காத லாரி சட்டிக்கு நின்னுது மக்கா. ஆளுக்கு நிக்க மாட்டான், ஹார்னுக்கு நிக்க மாட்டான், வெறும் பாத்திரத்தக் கண்டா நிக்கான். அதுக்கு நான் சிரிக்கவா, மண்ட வெடிக்கக் கத்தவா?

மறுநாளு முதலு இது ஒரு ஏற்பாடு ஆயிப்போச்சு. அந்திக்கு உனக்க அம்ம ஹார்ன அமுக்குவா, பெண்டுகள் சட்டியோட எறங்குவாவ, லாரி நிக்கும், இவ கடப்பா. இவளுக்கு முன்னாலயும் பின்னாலயும் பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைகள், புல்லுக்கட்டுக்காரிகள், அக்கரையில வயலு உள்ள சிவதாணு, அவருக்க பசுமாடு, எல்லாம் கடக்கும். திரும்பி வரும்போ மறுக்கா ஒரு மறியலு. இப்பம் டிப்பர்காரன்மாருக்கும் பழகிப்போச்சு, தூரத்துல சட்டியக் கண்டாலே பைய வாறான். நான் மட்டும் அதுல சேரல. வீட்டு முத்தத்துலயே நின்னேன். கோவம் இருந்துது, சேர மனசு வரல.

அப்பதான் ஒரு நாளு வீட்டு வாசல்ல போலீசு வண்டி வந்து நின்னுது. மறியலுக்குத்தான் புடிக்க வந்திருக்கான்னு நெனச்சு, போலீசுக்காரரு வாயத் தொறக்கும் முன்னால நான் ஓடிப்போயி, சார் அது மறியல் இல்ல, மீனு வாங்க வந்த பெண்டுகள், லாரி தானா நின்னுது, வெள்ளத்துக்கு ஒரு பங்கமும் இல்ல, ஷைஜா வெளையாட்டுக்குச் சொன்னது, எனக்க வீட்டுக்காரி சைக்கிள் படிக்கா அவ்வளவுதான்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சுப்போட்டேன். அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, எந்த மறியலுங்காரு. பாஸ்போர்ட்டு விசாரணைக்கு வந்தேன், ஞானசெல்விங்கியது உங்க வீட்டம்மதானே, பிரான்சுக்கு எதுக்குப் போறாங்கன்னு கேக்காரு.

எனக்க வீட்டுல நடக்கது எனக்கு ஒரு போலீசுக்காரன் வந்து சொல்லணும், இல்லியா ஜின்சி? செப்டம்பர் மாசம் திராட்ச பறிக்க நேரம், அம்மயக் கூப்பிட்டுக்கிட்டு அந்த ரயிலு ரோட்டுல சைக்கிள்ல போறோம்னு நீயும் அவளும் பேசி முடிச்சு, பாஸ்போர்ட்டுக்கும் குடுத்து, விசாவுக்கும் ஏற்பாடு பண்ணி, அப்பாட்ட கடைசியில சொல்லுவோம், மனுசன் கத்துவான்னு வச்சிருக்கிய. கத்தத்தான் செய்வேன். நான் என்ன, முத்தத்துல கெட்டுன நாயா, ஆளு வந்த பெறவு கொரைக்க? நானும் வரணும்னு நெனச்சு இதச் சொல்லல. எனக்கு அந்த நாட்டுல என்ன வேல, திராட்சத் தோட்டத்துல போயி சாளை சாளைன்னு கூவவா? கெழவன் சோத்துக்கு அலைவான்னும் நெனைக்காத, பெபிஷா இருக்கா, எனக்கும் கொழம்பு வைக்கத் தெரியும். எனக்குக் கொதிப்பு வந்தது, சொல்லாம செஞ்சதுக்கு. அவ என்ட்ட கேட்டிருந்தா நான் ஒரு நல்ல சைக்கிளு, பெட்டி இல்லாதது, நாகர்கோவில்ல போயி எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா? சண்டை போட்டுட்டுத்தான் குடுப்பேன், ஆனா குடுப்பேன்.

இப்பம் அவ ஒரு பிடிவாதத்துல இருக்கா. நம்ம வீட்டுல தூரதேசம் போற ஆருக்கும் நான் நெத்தியில பெருவெரலால குருசு வரஞ்சுதான் அனுப்புவேன், உனக்கும் வரஞ்சேன், பிபினுக்கும் வரஞ்சேன். விசா வந்தாலும் டிக்கெட்டு வந்தாலும், நீங்க குருசு வரஞ்சாத்தான் படி எறங்குவேன், இல்லன்னா போகலன்னு சொல்லிப்போட்டா. வாயால ஒரு வார்த்த கெஞ்ச மாட்டா. தெனமும் அந்தியில சைக்கிள எடுக்கும் முன்னால எனக்க முன்னால வந்து நெத்தியக் காட்டிக்கிட்டு நிப்பா. நான் முகத்தத் திருப்பிக்கிடுவேன். கையில மீன் நாத்தம்னு சொல்லிருவேன். அவ நேரா போயி ஹார்ன அமுக்குவா. நான் குருசு வரையாம அவ அந்த ரோட்டுல எறங்கும்போ, திரும்பி வாறது வரைக்கும் நான் முத்தத்தவிட்டு நகர மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நிக்கா.

முட்டு உரிஞ்ச கத சொல்லல பாத்தியா. முந்தாநேத்து சானல் கரையில சிவதாணுவுக்க பசு குறுக்க வந்து நின்னுருக்கு. இவளுக்கு நேர ஓட்டத்தான் தெரியும், சானல் கரை நேராத்தானே கெடக்கு, திருப்பிப் படிச்சாத்தானே. பசுவ இடிக்க மனசில்லாம சானலுக்குள்ள விட்டுட்டா. சிவதாணுதான் புடிச்சு ஏத்திவிட்டாரு. வந்து என்ட்ட சொல்லுகாரு, மரியஜானே, உமக்க வீட்டம்ம கொள்ளாம், நல்லா ஓட்டுகா, வளைச்சு ஓட்ட மட்டும் ஆராவது சொல்லிக் குடுக்கணும்னு. ஆராவதுன்னா ஆரு? ஊருல சைக்கிள் மிதிச்சு கிழிஞ்சவன் நான் ஒருத்தன்தானே. என்னயக் குத்திக் காட்டிட்டுப் போறாரு. அவ என்னடான்னா ரத்தத்தத் தொடச்சுப்போட்டு, நனைஞ்ச துணியோட திரும்பவும் ஓட்டித்தான் வந்தா. கண்ணுல ஒரு சொட்டு வெள்ளம் இல்ல. சிரிச்சுக்கிட்டு வாறா.

அதனால நீ மறுபடி எழுதும்போ இதுக்கெல்லாம் பதில் சொல்லணும். அந்த ரோட்டுல வளைவு உண்டா, உண்டுன்னா எப்பிடிப்பட்ட வளைவு? பக்கத்துல சானலு கீனலு ஓடுதா? மாடு குறுக்க வருமா? அந்த ரோடு எங்கயாவது காரு போற ரோட்டக் கடக்குதா, கடந்தா அங்க நிப்பானா, இல்ல அங்கயும் சட்டி கொண்டுவரணுமா? தோட்டத்துக்குத் தோட்டம் ஒயினு ருசி பாக்கக் குடுப்பான்னு சொன்னியே, குடிச்சுப்போட்டு எப்பிடி மிதிக்க? பூசையில சாமியாரு குடிக்கது தவிர அவ அத மணத்துக்கூடப் பாத்ததில்ல, அவளுக்குக் குடுத்தா உனக்கு இருக்கு. அவளுக்குக் குளுரு தாங்காது, காதுக்குத் துணி வேணும். மீனு இல்லாம சோறு எறங்காது, கருவாடு கட்டித்தாறேன், நாறுதுன்னு அங்க ஆராவது சொன்னா அவ சொல்லுக பதில நீ அந்த மொழியில சொல்லாத, உனக்குத்தான் மானக்கேடு. நான் சம்மதிச்சாச்சுன்னு நெனச்சுக்கிடாத. பதில் வரட்டு, பெறவு பாக்கலாம். நீயும் காலாகாலத்துல ஒரு நல்லவனப் பாத்து சொல்லு, அதையாவது போலீசு வந்து சொல்லுகதுக்கு முன்னால சொல்லு. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போகத் தவறாத.

அந்தா, உனக்க அம்ம ரோட்டுல இருந்து கூப்பிடுகா. கேக்குதா பெபிஷா, என்னங்கா? ஷைஜா நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளாம், மத்தவளுகளும் கல்யாண வீட்டுக்குப் போயாச்சாம், சட்டி பத்தாதாம், லாரி நிக்காதாம், என்னய வரச் சொல்லுகா. என்னயத்தான்! இத்தன நாளு நான் சேராத மறியலுக்கு சட்டியோட போயி நிக்கவாம். இருடீ, எறங்காத, நான் வாறது வரைக்கும் அங்கயே நில்லு! பெபிஷா, அந்தப் பெரிய மீன்சட்டிய எடு, சின்னது தூரத்துல தெரியாது. எழுதிக்கிட்டே இரி, ஜின்சிட்ட சொல்லு, எனக்கு இன்னும் கோவம் ஆறல, அவ அம்மைக்கிட்டயும் ஆறல, அந்த வேகத்தடை ஆபீசுக்காரன்கிட்ட சாவுற வரைக்கும் ஆறாது. சோப்பு எங்கட்டி கெடக்கு, மொதல்ல கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டுப் போயி, லாரிய நிப்பாட்டுகதுக்கு முன்னால அவளுக்க நெத்தியில

இப்படிக்கு உனக்க அப்பா
மரியஜான்